பெயர் வெட்டாத இடாப்பு

தமிழ்நாட்டில் வருகைப் பதிவேடு என்று சொல்வதை ஈழத்தில் வரவு இடாப்பு என்பார்கள். காலை ஏழரைக்கு மணி அடித்து, செபமோ தேவாரமோ முடிந்து, பிள்ளைகள் வாங்கில் உட்கார்ந்ததும் வகுப்பாசிரியர் முதலில் திறப்பது அதைத்தான். பெயர் கூப்பிடுவார். வந்த பிள்ளைக்கு ஒரு அடையாளம், வராத பிள்ளைக்கு வேறொன்று. தொடர்ந்து பல நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் போகும். வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்றால் "பெயர் வெட்டியாச்சு" என்பார்கள். செத்துப்போன பிள்ளையின் பெயரும் வெட்டப்படும், கை நடுங்கினாலும்.

விலகவும் இல்லை, சாகவும் இல்லை, வரவும் இல்லை என்று ஒருவர் இருந்தால் என்ன செய்வது? எந்த இடாப்பிலும் இதற்கென்று ஒரு நிரல் கிடையாது. கிழக்கிலங்கையின் பழைய கத்தோலிக்கப் பாடசாலைகளில் ஒன்றான மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி இந்தக் கேள்வியோடுதான் முப்பது வருடங்களுக்கு மேலாக இருந்து வருகிறது. அங்கே வராமல் போனவர் மாணவர் அல்லர். பயிற்றுநர், பாதிரியார், அறுபத்தாறு வயதுக்காரர்.

1990 ஆகஸ்ட் 15. மாதாவின் விண்ணேற்புத் திருநாள். மன்னார்ப் பக்கம் மடு மாதாவுக்கு வருடத்தின் பெரிய திருவிழா. அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு ஒரு ஸ்கூட்டர் புறப்பட்டது. ஓட்டியவர் யூஜின் ஹெபேர் என்ற அமெரிக்க சேசு சபைக் குரு. கூட ஒரு தமிழ் இளைஞர். வாழைச்சேனையில் கலவரத்துக்குள் அகப்பட்டிருந்த அருட்சகோதரிகளுக்கு உதவப் போயிருந்தார் ஹெபேர். திரும்பும் வழி கிரான், செங்கலடி, ஏறாவூர், தன்னாமுனை என்று நீளும் அதே பெருந்தெரு. சாதாரண நாளில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அந்த ஸ்கூட்டர் வந்து சேரவில்லை. ஆட்களும் இல்லை, உடல்களும் இல்லை, வண்டியின் ஒரு துண்டுகூட இல்லை.

அவருடைய பெயரை எழுதுவதே சிக்கல். பிரெஞ்சு வேர் கொண்ட லூசியானாப் பெயர். கடைசி எழுத்து வாயில் வராது. ஆங்கிலப் பத்திரிகைகள் ஹேர்பேர்ட் ஆக்கின, தமிழில் ஹெபர்ட் என்றும் ஹேபியர் என்றும் வந்தது. மட்டக்களப்பாருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மைதானத்தில் நிற்கும் பாதருக்கு எத்தனை எழுத்து என்று யார் எண்ணினார்கள்?

*

புளியந்தீவு சின்னஞ்சிறு இடம். சுற்றிலும் வாவி, ஓரத்தில் ஒல்லாந்தர் கோட்டை, போக வரப் பாலங்கள். அந்தத் தீவுக்குள் 1873இல் தொடங்கியது மிக்கேல் கல்லூரி. 1895இல் பிரெஞ்சு சேசு சபையினர் திருகோணமலை மறைமாவட்டப் பொறுப்பை ஏற்று வந்தபின் அதற்கு உடம்பு வைத்தது. அவர்களில் பொனல் அடிகளார் கணிதக்காரர். அவரிடம் கணக்குப் படிக்க வந்தவர்களில் காரைதீவிலிருந்து வந்த மயில்வாகனம் என்ற பையனும் உண்டு. பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினான். பிறகு அதே பாடசாலையில் ஆசிரியரானான். 1917இல் யாழ்ப்பாணம் போய் இன்னொரு கத்தோலிக்கப் பாடசாலையான சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தான். அடுத்த சில வருடங்களில் காவி உடுத்து சுவாமி விபுலாநந்தர் ஆனார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், யாழ் நூல் தந்தவர், இராமகிருஷ்ண மிஷன் துறவி.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மதம் மாற்றத்தான் மிஷன் பள்ளி கட்டினார்கள் என்று ஒரு தரப்பும், கல்விக் கண் திறந்தார்கள் என்று ஒரு தரப்பும் நூறு வருடமாக வாதாடுகின்றன. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் பாதிரிமாரிடம் படித்த ஒருவர் காவியோடு திரும்பி வந்து, வாவிக்கு அக்கரையில் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியதும், இரண்டு பாடசாலைகளும் எதிரும் புதிருமாக ஒரே ஊரின் பிள்ளைகளை வளர்த்ததும் அந்த வாதத்துக்குள் அடங்குவதில்லை. மட்டக்களப்பில் சைவர்களே பெரும்பான்மை. மிக்கேல் கல்லூரியின் வாங்குகளில் திருநீற்று நெற்றிகளே அதிகம். சமய பாட வேளை வந்ததும் சைவப் பிள்ளைகள் ஒரு வகுப்புக்கும் கத்தோலிக்கப் பிள்ளைகள் இன்னொன்றுக்குமாகப் பிரிந்து போவதும், அடுத்த மணிக்குத் திரும்பக் கலந்து இருப்பதும் இலங்கைப் பாடசாலைகளின் அன்றாடம். நவராத்திரிக்கு வாணி விழா, மார்கழியில் ஒளி விழா. ஒளி விழா என்பது கிறிஸ்மஸ் விழாவுக்கு ஈழத்துப் பாடசாலைகள் தாமே வைத்துக்கொண்ட பெயர். எவ்வளவு அழகான பெயர் என்று அங்கே படித்தவர்களுக்குத் தோன்றியிருக்காது, பழகிப் போயிருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் குறைந்துபோக, நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலிருந்து அமெரிக்க சேசு சபையினர் வந்தார்கள். வந்தவர்களுக்கு ஊர் ஒட்டிக்கொண்டது. மட்டக்களப்பு வாவியில் நிலா நாளில் மீன் பாடுகிறது என்று காலங்காலமாகச் சொல்வார்கள். கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். லாங் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1950களில் அந்த ஓசையைக் கருவி வைத்துப் பதிவு செய்தார். இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. ஒரு ஊரின் கதையை நம்பி, தோணியில் ஏறி, இரவு முழுக்கக் காத்திருந்து பதிவு செய்கிறவரை வெறும் மிஷனரி என்று எப்படிக் கழிப்பது?

1948இல் வந்தவர்களில் இருவர் ஹெபேரும் ஹரி மில்லரும். மில்லருக்குக் கல்லூரியை நிர்வகிக்கும் பொறுப்பு பின்னால் வந்தது. ஹெபேருக்குக் கூடைப்பந்து.

முதலில் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரி, பிறகு மிக்கேல். தான் பிறந்த நாட்டின் விளையாட்டை அவர் இந்த வெயிலுக்குக் கொண்டுவந்தார் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அது ஏன் இங்கே வேர் பிடித்தது? எனக்குத் தோன்றுவது இது: தீவுக்குள் நிலம் குறைவு. உதைபந்துக்குப் பெரிய மைதானம் வேண்டும், கிரிக்கெட்டுக்குக் காசு வேண்டும். கூடைப்பந்துக்கு ஒரு சிமெந்துத் தரை, இரண்டு வளையம், ஒரு பந்து போதும். ஐந்து பேர் சேர்ந்தால் அணி. அந்த ஐவரில் தமிழன் இருப்பான், முஸ்லிம் இருப்பான், வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் பறங்கிப் பையன் இருப்பான். பந்தைக் கைமாற்றாமல் இந்த விளையாட்டை ஆடவே முடியாது. நல்லிணக்கம் என்று மேடையில் யாரும் சொல்லித் தரவில்லை. பின்னேரம் நாலு மணிக்குத் தரை சூடு தணிந்ததும் பந்து வரும், அவ்வளவுதான். அவர் பயிற்றிய அணிகள் கொழும்பு அணிகளைத் தோற்கடித்துத் தேசியக் கிண்ணம் கொண்டுவந்தன. கடைக்கோடி மாகாணம் ஒன்று தலைநகரைத் தோற்கடிக்கும்போது ஊருக்கு வருகிற மகிழ்ச்சி அலாதி.

மட்டக்களப்பார் இந்தப் பாதிரிமாரை விளையாட்டோடு சேர்த்தே நினைவு வைத்திருக்கிறார்கள். நகரின் மைதானத்துக்கு இன்னொரு சேசு சபைக் குருவான வெபரின் பெயர். "வெபரில மட்ச்" என்று சொல்லும் பையன்களில் பலருக்கு வெபர் ஒரு மனிதர் என்பதே தெரியாமல் இருக்கலாம். பெயர் இடமாகிவிட்டது. அதுவும் ஒரு வகை நினைவுதான், நிம்மதியான வகை.

நடுவில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவி பெறும் மதப் பாடசாலைகளை அரசின் கீழ் கொண்டுவந்தன. விலகி நின்ற சிலவும் கட்டணம் வாங்கக் கூடாது என்றானது. மிக்கேல் கல்லூரி இன்று அரசின் தேசிய பாடசாலை. பலகையில் புனிதரின் பெயர் இருக்கிறது, சம்பளம் கல்வி அமைச்சு கொடுக்கிறது. செப்டெம்பர் 29இல் அதிதூதர் மிக்கேலின் திருநாள் நாட்காட்டியில் இருக்கிறது. குருக்கள் ஒவ்வொருவராக வேறு பணிகளுக்கு நகர்ந்தார்கள். ஹெபேர் பிற்காலத்தில் கிழக்கு இளைஞருக்கான தொழிற்பயிற்சிக் கூடத்தை நடத்தினார். பரீட்சையில் தவறிய பையனுக்கு உருக்கு ஒட்டவும் மின்சாரம் இணைக்கவும் சொல்லிக்கொடுக்கும் வேலை. கிண்ணம் வென்ற கதையைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

*

1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் திரும்ப வெடித்தது. அந்த ஆகஸ்டையும் செப்டெம்பரையும் மட்டக்களப்பில் யாரும் முழுமையாகச் சொல்ல விரும்புவதில்லை. அவரவர் தம் பங்கை மட்டும் சொல்வார்கள். அதனால்தான் எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரே மூச்சில் எழுத வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை: காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் இருந்தவர்கள் மீது புலிகள் சுட்டார்கள். சிறுவர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகஸ்ட் 11 இரவும் மறுநாள் அதிகாலையும்: ஏறாவூரிலும் அயல் கிராமங்களிலும் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 15: ஹெபேரும் அந்த இளைஞரும் ஏறாவூர் வழியாக வரவேண்டிய தெருவில் காணாமற்போனார்கள். செப்டெம்பர் 5: வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. செப்டெம்பர் 9: சத்துருக்கொண்டானிலும் பக்கத்துக் கிராமங்களிலும் 180க்கும் மேற்பட்ட தமிழர், கைக்குழந்தைகளும் சேர, கொல்லப்பட்டார்கள்.

இவ்வளவும் நாற்பது நாளுக்குள். எல்லாம் ஒரே தெருவை ஒட்டி. ஹெபேரை யார் மறித்தார்கள் என்பது பற்றி ஊரில் பேச்சு உண்டு. நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லை, ஆகவே அந்தப் பேச்சை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காத்தான்குடிப் பிள்ளையும் ஏறாவூர்ப் பிள்ளையும் சத்துருக்கொண்டான் பிள்ளையும் பொதுப் பரீட்சையில் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதியவர்கள். கொன்றவர்களும் எங்கோ ஒரு பாடசாலையில் இடாப்பில் பெயர் கூப்பிடப்பட்டவர்களே. கத்தோலிக்கப் பாடசாலைகள் நூறு வருடம் கற்பித்த அன்பும் அயலானும் அந்த நாற்பது நாளைத் தடுக்கவில்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் அந்தப் பாடசாலைகளின் இரக்கத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

1973இல் சேசு சபையின் தலைவராக இருந்த பெத்ரோ அருப்பே ஸ்பெயினின் வலென்சியாவில் பழைய மாணவர்களைக் கூட்டிவைத்து, நாம் உங்களுக்கு நீதியைக் கற்பித்தோமா என்று வெளிப்படையாகக் கேட்டார். பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்குவதே இனி நம் கல்வியின் வேலை என்றார். கூட்டத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது நகரின் ஓரத்தில் குருமடத்தை மருத்துவமனையாக்கி, எரிந்த உடல்களைத் துடைத்த மனிதர் கேட்ட கேள்வி அது. 1990இல் மட்டக்களப்பில் அந்தக் கேள்வி வேறு உருவத்தில் கதவைத் தட்டியது.

தட்டியது பெரும்பாலும் தாய்மார். "பாதர், என்ட புள்ளயக் கொண்டு போயிட்டாங்க" என்று வந்தவர்களுக்கு ஹரி மில்லர் செய்தது மிகச் சாதாரணமான வேலை. ஒரு காகிதத்தை எடுத்து எழுதினார். பெயர், வயது, எங்கே, என்ன திகதி, எத்தனை மணி, யார் கண்டது. அவரும் பல சமயத்தவரும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்த சமாதானக் குழு அந்தப் பெயர்களைக் கொண்டுபோய் முகாம் வாசலில் நின்று விசாரித்தது. எத்தனையோ முறை இல்லை என்ற ஒரே பதில். திரும்பி வந்து, அந்த இல்லையையும் குறித்து வைத்தது. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன், 1988 ஜூன் 6இல், பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளாரைத் தேவாலயத்துக்குள்ளேயே சுட்டுக்கொன்றிருந்தார்கள். பெயர் எழுதுவது என்ன விலைக்கு வரும் என்று தெரிந்தேதான் மில்லர் எழுதினார். தன்னோடு ஒரே வருடம் நாடு வந்த தோழன் ஹெபேரின் பெயரையும் அவர் தேட வேண்டியிருந்தது.

வாழ்நாளில் பாதியைப் பாடசாலையில் கழித்த ஒரு ஆசிரியர் கலவரக் காலத்தில் என்ன செய்வார்? இடாப்பு எடுப்பார். வந்தவர் யார், வராதவர் யார் என்று பார்ப்பார். மில்லர் செய்தது அதுதான். அவருடைய கோப்புகளைப் படித்தவர்கள் அவரை மனித உரிமைச் செயற்பாட்டாளர் என்றார்கள். எனக்கென்னவோ அதில் வகுப்பாசிரியரின் கைப்பழக்கம்தான் தெரிகிறது.

*

கத்தோலிக்கர்களுக்கு நவம்பர் இறந்தவர்களின் மாதம். 2ஆம் திகதி ஆன்மாக்கள் தினம். அதற்கு முன்பே சேமக்காலையில் புல் செருக்கி, கல்லறைக்கு வெள்ளையடித்து, மெழுகுதிரியும் பூவும் வாங்கி வைப்பார்கள். சேமக்காலை என்பது ஈழத்துக் கத்தோலிக்கர் கல்லறைத் தோட்டத்துக்குச் சொல்லும் சொல். சுடுகாடு, இடுகாடு என்ற சொற்களின் பயம் அதில் இல்லை. ஏதோ பத்திரப்படுத்தி வைத்திருக்கிற இடம் போல ஒலிக்கும். கத்தோலிக்கப் பாடசாலைகளில் அந்த மாதத்தில் இறந்த ஆசிரியர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் செபம் சொல்வார்கள். பெயர்ப் பட்டியலைப் பிள்ளைகளே வாசிப்பது வழக்கம். முன்பின் தெரியாத கிழவர்களின் பெயர்களை ஆறாம் வகுப்புப் பிள்ளை தடுமாறி வாசிக்கும்போது, அந்தப் பெயர்களுக்கு இன்னொரு தலைமுறை குரல் கிடைக்கிறது. கல்லூரி வாழ்க்கையில் நான் மிக மதிக்கும் வழக்கங்களில் இது ஒன்று. பரிசளிப்பு விழாவில் பெற்றோர் பெருமைப்படுவார்கள். இங்கே பெருமைப்பட யாருமில்லை.

ஆனால் காணாமற்போனவரை அந்தப் பட்டியலில் சேர்ப்பதா?

திருப்பலியின் பழைய உரோமை மன்றாட்டை உன்னிப்பாகக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் பெயர் சொல்ல இரண்டு இடங்கள் உண்டு. அப்பமும் இரசமும் எழுந்தேற்றப்படும் முன்பாக, உயிரோடு இருப்பவர்களுக்காக ஒரு இடம். அதற்குப் பின்பாக, இறந்தவர்களுக்காக இன்னொன்று. இரண்டிலும் குருவானவர் கொஞ்சம் மௌனமாக நிற்பார். அவரவர் மனதில் அவரவர் பெயர்கள். பல நூற்றாண்டாக இந்த ஏற்பாட்டில் குறை எதுவும் தெரியவில்லை. மனிதர் ஒன்று இந்தப் பக்கம் இருப்பார்கள், இல்லை அந்தப் பக்கம். காணாமற்போன மகனுடைய தாய் முதல் மௌனத்தில் அவன் பெயரைச் சொல்வாளா, இரண்டாம் மௌனத்தில் சொல்வாளா? முதலாவதில் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் பரிதாபப்படுவார்கள். இரண்டாவதில் சொன்னால் தானே மகனைக் கொன்றது போல இருக்கும். பூசை ஒப்புக்கொடுக்கக் கருத்தை எழுதும்போதும் இதே சங்கடம். மரண ஆராதனை இல்லை, முப்பத்தோராம் நாள் இல்லை, ஆண்டுத் திருப்பலிக்கு எண்ண ஒரு நாளும் இல்லை. சைவ வீட்டில் இது இன்னும் கடினம். திதி தெரியாமல் திவசம் எப்படிச் செய்வது? காத்தான்குடியில் உடல்கள் கிடைத்தன, அடக்கினார்கள், பள்ளிவாசல் சுவரில் குண்டுத் துளைகளை அப்படியே விட்டு வைத்தார்கள். வந்தாறுமூலையில் இருந்து போன 158 பேருக்குத் துளைகூட இல்லை.

ஹெபேரைப் பொறுத்தவரை பழைய மாணவர்கள் இந்தச் சிக்கலைச் சுற்றிப் போக ஒரு வழி கண்டார்கள், அல்லது வழி தானாக அமைந்தது: விளையாடினார்கள். கூடைப்பந்தில் செத்தவரா உயிரோடு இருப்பவரா என்று யாரும் கேட்பதில்லை. அவர் போட்ட பழக்கம் தொடர்கிறது, மிக்கேல் பையன்கள் இன்றும் பந்தோடு வளர்கிறார்கள். பயிற்றுநர் எங்கோ வெளியூர் போயிருக்கிறார் என்பது போலப் பின்னேரம் ஆட்டம் நடக்கிறது.

இந்த நினைவுக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஸ்கூட்டரில் இரண்டு பேர் போனார்கள். பாதிரியாரை அமெரிக்காவில் அவருடைய உறவினர் தேடினார்கள், சபை தேடியது, பத்திரிகைகள் எழுதின. பின்னால் உட்கார்ந்து வந்த இளைஞரின் பெயர் மனித உரிமை அறிக்கைகளில் ஒரு வரியில் வந்து போகும். இந்தக் கட்டுரையும் அதைச் சொல்லப் போவதில்லை. அந்தப் பெயர் அவர் வீட்டாருடையது, அவர்களைக் கேட்காமல் எடுத்தாள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கல்லூரிச் செபத்தில் ஹெபேரின் பெயரைச் சொல்கிற ஒவ்வொரு முறையும் பக்கத்தில் அந்தப் பெயரும் வந்தாக வேண்டும். ஒரே தெருவில், ஒரே வண்டியில் போனவர்களைக் குரு என்றும் துணைக்குப் போனவர் என்றும் பிரித்து நினைப்பதில் இரக்கம் எங்கே இருக்கிறது?

*

2004 மார்கழி 26இல் கடல் வந்தபோது நாவலடியும் கல்லடிக் கரையும் அழிந்தன. பாடசாலை விடுமுறைக் காலம். வகுப்பறைகள் இரவோடிரவாக வீடுகளாயின. கரும்பலகையில் பாடத்துக்குப் பதில் குடும்பங்களின் கணக்கு. கிழக்கில் பாடசாலை என்றால் படிக்கிற இடம் என்பதற்கு இணையாக அகதியாய்ப் போய் இருக்கிற இடம் என்றும் பொருள். 1978 நவம்பர் சூறாவளியிலும் அப்படித்தான், 1990இலும் அப்படித்தான். எந்தப் பாடத்திட்டத்திலும் இது இல்லை என்றாலும், தன் வாங்கில் இன்னொரு வீட்டுக் குழந்தை படுத்துத் தூங்கியது என்று தெரிந்த பிள்ளை அந்த வாங்கைக் கொஞ்சம் வேறுமாதிரித்தான் பார்க்கும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் நின்ற நேரத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் குழந்தைகள் பலர். அது கத்தோலிக்க ஆலயம் அல்ல, சுவிசேஷ சபை. ஆனால் போன பிள்ளைகள் நகரத்துப் பாடசாலைகளின் பிள்ளைகள். சூத்திரதாரி காத்தான்குடிக்காரன் என்ற செய்தி வந்ததும் ஊர் மறுபடி 1990இன் விளிம்புக்குப் போய் நின்றது. மே 6இல் நாடு முழுக்க மேல் வகுப்புகளுக்கு அரசுப் பாடசாலைகள் திறந்தபோது வாசலில் பொலிசாரும் பெற்றோரும் நின்று பிள்ளைகளின் புத்தகப் பையைத் துழாவினார்கள். சாப்பாட்டுப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தார்கள்.

அப்படி ஒரு காலையில் இடாப்பு எடுக்கிற ஆசிரியரை நினைத்துப் பார்க்கிறேன். பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. யேசுதாசன் வகையில் சில, விநாயகமூர்த்தி வகையில் பல, முகமது வகையில் சில. எல்லாப் பெயரையும் ஒரே குரலில் கூப்பிட வேண்டும். ஒரு பெயரில் குரல் சற்றே தாழ்ந்தாலோ தடித்தாலோ நாற்பது பிள்ளைகளுக்கும் அது கேட்டுவிடும். பாடசாலையில் இரக்கம் என்று எதையாவது சொல்வதானால் நான் அந்த ஒரே குரலைத்தான் சொல்வேன். அது பெரிய காரியம் போலத் தோன்றாது. 2019 மே மாதத்தில் மட்டக்களப்பில் அது பெரிய காரியமாகவே இருந்திருக்கும்.

*

காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்க 2010இல் இலங்கை ஒரு தற்காலிகச் சட்டம் செய்தது. காணி மாற்ற, வங்கிக் கணக்கு எடுக்க, விதவைக் கொடுப்பனவு பெற அது வேண்டியிருந்தது. பலர் வாங்க மறுத்தார்கள். "செத்தார் எண்டு நானே கையெழுத்து வைக்கவா?" என்ற ஒரு கேள்வி வடக்கிலும் கிழக்கிலும் வீட்டுக்கு வீடு கேட்டது. 2016இல் சட்டத்தைத் திருத்தி இன்னொரு சான்றிதழ் கொண்டுவந்தார்கள். அதில் மரணம் என்ற சொல் இல்லை. ஆள் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் அரசு ஒப்புக்கொள்ளும். இரண்டு மௌனங்களுக்கு நடுவில் அரசே ஒரு மூன்றாவது இடத்தைத் திறந்து வைத்தது போல. தேடித் தர வேண்டிய அரசு அதற்குப் பதிலாகத் தாள் தருகிறது என்று தாய்மார் தெருவோரப் போராட்டக் கொட்டிலில் இருந்து சொன்னதும் நியாயமே.

ஹெபேர் 1923இல் பிறந்தவர். நூறு வயது கடந்துவிட்டது. இனி அவரை இரண்டாவது மௌனத்தில் நினைக்கலாம் என்று கணக்கு அனுமதி கொடுக்கிறது. எந்த விசாரணையும் சொல்லாத பதிலை வருடங்கள் சொல்லிவிட்டன. கல்லூரி விரும்பினால் நவம்பர்ப் பட்டியலில் அவர் பெயரைச் சங்கடமில்லாமல் எழுதலாம்.

பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. உயிரோடிருந்தால் இப்போது ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர். தலை நரைத்திருக்கும். மிக்கேல் கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்து நிற்கிற வயது.